மழையில் இழைத்த கதவு

வாசகர்களே, ஒரே கதவுக்கு மூன்று பேர் உரிமை கோரிய கதை இது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

இணையத்தில் ‘நாமே பழுது பார்ப்போம்’ என்றொரு குழு. சொட்டும் குழாய், சுற்றாத மின்விசிறி, அடைத்துக்கொண்ட தொட்டி என எதை எப்படிச் சரிசெய்தோம் என்று வீட்டு மனிதர்கள் படம்பிடித்துப் போடுவார்கள். அங்கே கட்டணம் கிடையாது, தலைவர் கிடையாது, மாலை மரியாதை கிடையாது. சங்க மாநாட்டுப் பந்தல்களில் காலமெல்லாம் தேடிய தோழமையை நான் அங்கேதான் கண்டேன். சொல்லக் கசக்கிறது, ஆனாலும் உண்மை.

ஐப்பசி மழையில் மயிலாடுதுறை அமிர்தவல்லியின் வாசல் கதவு ஊதிப்போய் நிலையில் சிக்கிக்கொண்டது. அவர் ஆளைத் தேடவில்லை. நிலையில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை அழுத்திச் சாத்தினார். கதவு விளிம்பில் எங்கே வெள்ளை ஒட்டியதோ, அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தை இழைப்புளியால் இழைத்தார். பிறகு ஒற்றை விரலால் கதவைத் தள்ளிச் சாத்திக் காட்டி, “அவ்வளவுதான்! இதுக்குப் போய் யாராவது ஆளைக் கூப்பிடுவாங்களா?” என்று சிரித்தார்.

முதலில் வந்த பாராட்டு ஆம்பூர் நசீமாவுடையது: “அசத்திட்டீங்க அக்கா!”

அதைப் பார்த்து ஊர் ஊராக இழைப்புளி வாங்கினார்கள். அமிர்தவல்லி வேறு பழுதுகளையும் தொடர்ந்து காட்டிவந்தார். மாசி மாதம் போட்ட படங்களில் மட்டும், அந்த வாசல் கதவின் மேல் பூப்போட்ட திரை ஒன்று தொங்கியது.

பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கும் இருதயராஜும் அதே மழையில் அப்படியே இழைத்தார். வெயில் ஏறியதும் கதவு சுருங்கி, பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்தது. அவர் அதையும் படம்பிடித்துப் போட்டார்.

“பாருங்க மக்கா! பல்லி வருது, கரப்பான் வருது, பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசனையும் வருது. மீன்குழம்பு வந்தா வரட்டும், அது நல்ல விருந்தாளி. நான் எங்க தப்பு பண்ணினேன்னு மட்டும் யாராவது சொல்லுங்க.”

நசீமா கேட்டார்: “அண்ணே, மழையிலயா இழைச்சீங்க? இழைச்ச இடத்துக்கு வார்னிஷ் அடிச்சீங்களா?”

“மழையிலதாம்மா. வார்னிஷா? நான் டீ குடிக்கல்லா போனேன்!”

“மழையில மரம் தண்ணி குடிச்சு ஊதியிருக்கும்ணே. அப்ப இழைச்சா வெயில்ல இப்படித்தான் சுருங்கும். மழைக்கு மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு சமாளிங்க. வெயில்லயும் உரசினா மட்டும் இழைங்க, உடனே வார்னிஷ் அடிங்க. எங்க வீட்டுக் கதவும் ரெண்டு மழைக்கு முந்தி இப்படித்தான் போச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

உடனே, “எங்க வீட்டுலயும்” என்று பதில்கள் வந்து குவிந்தன. இத்தனை வீட்டுக் கதவுகளும் அதுவரை வாய் திறக்கவில்லை.

வீட்டுக்காரரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். “வே இருதயராஜ், என் கதவைக் கெடுத்துட்டு ஊருக்கே வேற காட்டுதீரோ? ஈஸ்டருக்குள்ள புதுக் கதவு மாட்டும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணும்!”

படத்தை எடுத்துவிடும்படி நண்பர்கள் சொன்னார்கள். “எடுத்தா இன்னொருத்தன் கதவும் போயிரும்லா?” என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சி மரக்கடைக்காரர் காசிலிங்கம் குழுவில் அறிவித்தார்: “கதவு விஷயத்துல எல்லாருக்கும் அதிகமா உதவினவங்களுக்கு, அவங்க நிலைக்கு அளவெடுத்து ஒரு வேங்கைக் கதவு தர்றேன்.”

அமிர்தவல்லி சொன்னார்: “கதவுல கை வைக்கலாம்னு தைரியம் குடுத்ததே நான்தான். சாக்பீஸ் யோசனையில என்ன குத்தம்?”

நசீமா சொன்னார்: “காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொன்னது நான். அடுத்த மழைக்கு எல்லார் கதவும் பிழைக்கப்போறது அதனாலதானே?”

இருதயராஜ் சொன்னார்: “கெடுத்தவன் நான். கேக்க வாய் வரல. ஆனா கதவு வேணும்.”

மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது. காசிலிங்கம் கையைப் பிசைகிறார். வாசகர்களே, அந்த வேங்கைக் கதவு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: இருதயராஜுக்கு. மூவர் வீட்டிலும் விழுந்தது ஒரே சந்துதான். அமிர்தவல்லி அதைத் திரை போட்டு மறைத்தார். நசீமாவுக்குக் காரணம் முன்பே தெரியும். தெரிந்தும் முதல் படத்துக்குக் கை தட்டிவிட்டுச் சும்மா இருந்தார். இருதயராஜ் மட்டும் அதை ஊர் பார்க்க வைத்தார். குடியிருக்கும் வீடு பறிபோகும் நிலையிலும் அந்தப் படத்தை நீக்கவில்லை. அவர் காட்டிய பிறகே நசீமாவின் வாய் திறந்தது. வெற்றியை மட்டுமே துண்டறிக்கையில் அச்சடித்து அச்சடித்து அழிந்த சங்கங்களை எனக்குத் தெரியும். அங்கே இப்படி ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்போம். பாவம் வாடகைக்குக் குடியிருப்பவர் என்று இரங்கி யாரும் அவருக்குக் கதவு தர வேண்டாம். அது அவருக்குச் சேர வேண்டிய கூலி. நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்ளட்டும்.