முதுகைக் காட்டிய சிப்பாய்

தேக்கங்காட்டு விலங்குகள் ஒரு துணைப்படை வைத்திருந்தன. மற்ற நாட்களில் அவரவர் இரை தேடலாம். வாரம் ஒருநாள் பயிற்சிக்கு வர வேண்டும். செந்நாய்கள் வந்தால் காட்டைக் காப்பதே இந்தப் படையின் வேலை. பார்க்க எடுப்பாக இருந்ததால் மயில் தோகைராயர் தளபதி ஆனார்.

சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி ஆசையோடு படையில் சேர்ந்தான். முதல் நாளே தளபதி முகம் சுளித்தார்.

"இதென்ன கோலம்? வரிசையின் அழகே கெடுகிறது! முட்களை மடக்கு!"

"ஐயா, அதுதானே என் ஆயுதம்!"

"ஆயுதம் கிடக்கட்டும்! முதலில் இடது காலைத் தூக்கக் கற்றுக்கொள்!"

வாரா வாரம் கவாத்து நடந்தது. ஊரையே எழுப்பும் தொண்டை படைத்த மந்தியை, "வரிசையில் சத்தம் கூடாது!" என்று அடக்கினார். புதருக்குள் மின்னலாய் மறையும் சருகுமான் சருகியை, "அசையாமல் நில்!" என்று அதட்டினார்.

சிலுப்பன் மெல்லக் கேட்டான்: "ஐயா, செந்நாய் வந்தால் நான் என்ன செய்யணும்?"

"நெஞ்சை நிமிர்த்தி நில்! எதிரிக்கு முதுகைக் காட்டாதே!"

"நாங்கள் சண்டை போடுவதே பின்பக்கத்தால்தானே ஐயா?"

"சீச்சீ! வெளியே சொல்லாதே!"

சிலுப்பன் கூனிக்குறுகிப் போனான். தளபதிக்குத் தெரியாததா என்று நினைத்து, முட்களை மடக்கியே பழகினான். 'சிறந்த சிப்பாய்' என்ற பட்டமும் வாங்கினான்!

ஒரு காலை, கவாத்தின் நடுவிலேயே செந்நாய்கள் வந்துவிட்டன.

"வரிசையில் நில்!" என்று கத்திவிட்டுத் தோகைராயர் மரக்கிளைக்குப் பறந்தார்.

படை அசையவில்லை. நூல் பிடித்தாற்போல் நின்றது. செந்நாய்களே திகைத்துப் போயின.

"அடேயப்பா! நமக்குப் பந்தி போட்டு வைத்திருக்கிறார்களே!" என்றது மூத்த செந்நாய். சிரித்துக்கொண்டே வந்து சருகியின் காலைக் கவ்வியது.

"சிலுப்பா! காப்பாற்று!"

"நேராகப் பார்!" என்றது மேலிருந்து ஒரு குரல். சிலுப்பன் சருகியின் கண்களைப் பார்த்தான். அவ்வளவுதான்! சட்டென்று திரும்பினான். முட்கள் சலசலவென்று விரிந்தன. பின்பக்கமாகவே பாய்ந்தான்.

"முதுகைக் காட்டாதே! மானம் போகிறது!" என்று அலறினார் தளபதி.

மூத்த செந்நாயின் மூஞ்சியெல்லாம் முள்! அது ஊளையிட்டு ஓட, மற்றவையும் பின்னாலேயே ஓடின.

தோகைராயர் மெல்ல இறங்கி வந்தார்.

"வெற்றிக்குக் காரணம் என் பயிற்சி! ஆனால் சிலுப்பன் கட்டளையை மீறிவிட்டான். அவனைப் படையிலிருந்து நீக்குகிறேன்!"

சருகி நொண்டியபடி முன்னால் வந்தது. "ஐயா, அவன் முதுகைக் காட்டியதால்தான் நான் உங்களுக்கு முகம் காட்டி நிற்கிறேன்!"

தளபதி தோகையை உதறிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அடுத்த வாரம் படை ஓடைக்கரையில் தானாகவே கூடியது. மந்தி உச்சிக்கிளையில் ஏறி எச்சரிக்கைக் குரல் எழுப்பிப் பார்த்தது. அதைக் கேட்டதும் சருகுமான்கள் புதருக்குள் மறையப் பழகின. சிலுப்பன் பின்பக்கமாக ஓடிக் கரையான் புற்றில் மோதினான். எல்லோரும் சிரித்தார்கள், அவன் மறுபடியும் ஓடினான். கவாத்துத் திடலில் தோகைராயர் மட்டும் தனியாக இடது, வலது போட்டுக்கொண்டிருந்தார்.

அவரவர் திறமையை வளர்ப்பதே பயிற்சி. அதை மடக்கி அழகு பார்ப்பது ஆபத்தை அழைப்பதாகும்.