தீவில் நின்ற மாப்பிள்ளை

முப்பத்தொரு வருஷம் நாளிதழ் ஒன்றில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். அதனால் எங்கள் குடும்பத்தில் விவரம் தெரிந்த ஆள் என்று எனக்குத்தான் பெயர். மற்றவர்கள் எப்படி என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

என் மச்சினன் கனகராசுக்கு முப்பத்தெட்டாவது வயதில் ஒரு பெண் அமைந்தது. அதற்கு முன் பதினான்கு இடம் தட்டிப் போயிருந்தது. நிச்சயதார்த்தம் தை ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள்.

"இதுவும் போச்சுன்னா அவன் சாமியாராப் போயிருவானுங்க," என்றாள் என் மனைவி வடிவு. குளிர்ந்த இடத்தில் நாலு நாள் இருந்தால் தம்பியின் முகம் தெளியும் என்பது அவள் யோசனை.

பொங்கல் முடிந்த கையோடு நான், வடிவு, கனகராசு, என் அண்ணன் அர்த்தநாரி நால்வரும் மலைமேல் இருக்கும் தும்பிப்பாறை அணைக்குப் போனோம். அணை நடுவே ஒரு தீவு. தீவில் ஒரே ஒரு ஓட்டு வீடு. உள்ளே விறகுக் கணப்பு, மெத்தை, ஆளுக்கு இரண்டு கம்பளி. தையில் அந்த மலையில் பல் கிட்டிக்கும் குளிர்.

படகு நெருங்கும்போதே அண்ணன் வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார். வாசலில் காவலாளி மாகாளி காக்கிச் சட்டையோடு நின்றிருந்தார். சாவியை என் கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்கு லீவுங்க. எல்லாம் அட்டையில எழுதி இருக்குது, அது மாதிரி நடந்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அதே படகில் ஏறிப் போனார்.

அட்டை கதவில் தொங்கியது. முதல் வரி: ஈரக்காலுடன் உள்ளே வரக் கூடாது.

பனிப்புல்லில் நடந்து வந்ததால் எல்லாக் கால்களும் ஈரம். துடைத்தோம். துடைத்த காலை வாசலில் வைத்தால் வாசலும் ஈரம்.

"காலைத் தரையில வெக்கறதுதான் தப்பு," என்றார் அண்ணன். "ஒருத்தரை ஒருத்தர் தூக்கிட்டுத் துடைச்சு உள்ள எறக்கிவிட்டாச் சரியாப் போகும்."

நல்ல யோசனையாகப் பட்டது. நான் வாசற்படியில் நின்று மூன்று பேரையும் தூக்கித் தூக்கி உள்ளே இறக்கினேன். அண்ணன் தொண்ணூறு கிலோ. என்னைத் தூக்க யாரும் மிச்சமில்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு மணிக்கு வெயில் வந்து கால் காயும்வரை வெளியே நின்றேன். காப்பியை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள்.

இரண்டாவது வரி: கணப்பு எரியும்போது கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

"கண்ணு சிமிட்டினா?" என்றான் கனகராசு.

"அதுக்குத்தான் ரெண்டு பேரு உக்காரோணும்," என்றார் அண்ணன். "ஒருத்தர் சிமிட்டறப்ப இன்னொருத்தர் சிமிட்டக் கூடாது."

"மத்தவரு சிமிட்டறது எப்படி மச்சான் தெரியும்? நாமதான் நெருப்பைப் பார்த்துட்டிருக்கறமே."

இதை என்னிடம் கேட்டான். சிமிட்டுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்ப்பு வழங்கினேன். மூன்று நாளும் முறை வைத்து உட்கார்ந்து, "சிமிட்டறேன்", "சிமிட்டிக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஏரியை யாரும் பார்க்கவில்லை. முகம் தெளிய வந்த மாப்பிள்ளை, சுட்ட கத்தரிக்காய்போல ஆகியிருந்தான்.

ஞாயிறு காலை ஏழரைக்குப் படகு வந்தது. கிளம்பும் நேரத்தில்தான் அட்டையின் கடைசி வரியைப் படித்தோம்: வந்தபோது வீடு எப்படி இருந்ததோ, அப்படியே விட்டுச் செல்லவும்.

அண்ணன் போட்டோவை எடுத்தார். வடிவு கூட்டிப் பெருக்கிய சருகை எல்லாம் திரும்பக் கொண்டுவந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து வாசலில் போட்டோம். கொடியில் கிடந்த சாக்கைப் பழையபடி கோணலாக்கினோம். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. படத்தில் வாசலில் ஓர் ஆள் நின்றார்.

"மாகாளி இல்லையே," என்றேன்.

"அவரு எடத்துல ஒருத்தர் நின்னுதான் ஆகோணும்," என்றார் அண்ணன். "என் தொப்பைக்குப் படம் பொருந்தாது. உனக்கு வழுக்கை. வடிவு பொம்பளை."

மூன்று பேரும் கனகராசைப் பார்த்தோம். அளவெடுத்ததுபோல் இருந்தான்.

"இன்னிக்கு அவனுக்குத்தானுங்க நிச்சயம்," என்றாள் வடிவு.

"நிச்சயம் பத்தரைக்கு. இப்ப மணி எட்டுகூட ஆகலையே," என்றார் அண்ணன். கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மாகாளியின் மாற்றுக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கனகராசு வாசலில் நின்றான். "எதுவரைக்கும் நிக்கோணும், மச்சான்?"

"அட்டையில போடலை, மாப்பிள்ளை," என்றேன்.

கரை சேரும்போது மணி ஒன்பது. அங்கே தீவுக்குப் போக மாகாளி பையோடு காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"நான் போய் நின்னுட்டு அவரை அனுப்பி வெக்கறனுங்க," என்றார்.

போக முக்கால் மணி, வர முக்கால் மணி. மண்டபத்துக்கு வேனில் ஒன்றரை மணி. முகூர்த்தம் தப்பிப்போகும். வடிவு அழ ஆரம்பித்தாள். பதினைந்தாவது இடமும் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது.

என் அனுபவம் அப்போதுதான் கைகொடுத்தது. "உங்க எடத்துல கனகராசு நிக்கறான். அப்ப கனகராசு எடம்தானே காலியா இருக்குது? அதுக்கு நீங்க வந்துட்டாச் சரியாப் போச்சு," என்றேன்.

மாகாளி பையைக் கீழே வைத்தார். "எனக்குக் கல்யாணமாயி ரெண்டு பசங்க இருக்கறாங்களே."

"நாம போறது நிச்சயத்துக்குத்தானுங்க, கல்யாணத்துக்கு இல்லை," என்றார் அண்ணன்.

"சாப்பாடு உண்டுங்களா?"

"வடை பாயசத்தோட."

வேனில் ஏறிக்கொண்டார்.

மண்டபத்தில் பெண்ணின் அப்பா பொன்னுலிங்கம் மாகாளியை மேலும் கீழும் பார்த்தார். "போன மாசம் வந்தப்ப மாப்பிள்ளைக்கு இவ்வளவு மீசை இல்லையே."

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னுலிங்கம் தன் தம்பிகளை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒரு வாடகை வீட்டு அட்டைக்கே இவ்வளவு மரியாதை குடுக்கறவரு, எம் பொண்ணு பேச்சைத் தட்டவே மாட்டாரு," என்றார். "தட்டை மாத்திக்கலாம்."

மோதிரம் மாகாளிக்குச் சுண்டு விரலில்தான் ஏறியது. பாயசம் மூன்று தரம் வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது பொன்னுலிங்கம் வேன்வரை வந்து என் கையைப் பிடித்துச் சொன்னார்: "மாசி பதினொண்ணு கல்யாணம். இன்னிக்கு வந்தவங்க ஒருத்தர் விடாம, இதே மாதிரி வந்து நடத்திக் குடுக்கோணும்."

வாக்குக் கொடுத்துவிட்டோம். மாகாளி மாசி பதினொன்றுக்கு லீவு கேட்டால், இந்த முறை பதிலுக்கு நிற்க ஆள் வேண்டும் என்று அணை ஆபீஸில் சொன்னார்களாம். தீவிலிருந்து திரும்பி வந்திருந்த கனகராசைக் கேட்டோம்.

"மாசி பதினொண்ணுதானே?" என்றான். "அன்னிக்கு எனக்கு வேற சோலி ஒண்ணும் இல்லீங்க மச்சான். நானே போய் நின்னுக்கறேன்."