நுரை அடங்கக் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார்

கடவுள் வள்ளியூரில் புத்தியைப் பங்கு வைத்த அன்று ஆவுடையப்பன், பூதலிங்கம், சங்கரபாண்டி மூன்று பேரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனிதர்கள். சொன்ன சொல்லை இம்மியும் தாண்ட மாட்டார்கள். அதுதான் வினையே.

இவர்களோடு கபடி ஆடிய தேவசகாயம் அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரில் நர்சாக இருந்தான். அங்கே பப் நடத்தும் ஃபெர்கஸின் மகள் நோராவைக் கட்ட ஆசைப்பட்டான். "உன் மனுஷங்களை நான் பார்த்துப் பேசணும். அப்புறம்தான் பெண்" என்று சொல்லிவிட்டார் ஃபெர்கஸ். தேவசகாயத்துக்குத் தாய் தகப்பன் இல்லை. விசா கிடைத்ததோ இங்கிலீஷ் தெரியாத இந்த மூன்று பேருக்கு. பாவம், அவன் என்ன செய்வான்!

பப் வாசலில் நிறுத்திப் பாடம் நடத்தினான். "அண்ணாச்சி, கருப்பா ஒரு பீர் வரும். நுரை அடங்கினப்புறம்தான் குடிக்கணும். அவர் இங்கிலீஷ்ல எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுங்க, போதும். இன்னைக்குக் கெட்டுச்சுன்னா எனக்கு நோரா இல்லை."

"நாங்க இருக்கோம்லா" என்றார் ஆவுடையப்பன். தேவசகாயம் நம்பி, நோராவுக்கு உதவ அடுப்படிக்குப் போனான்.

பீர் வந்தது. மேலே வெள்ளை நுரை; அந்த பீரில் எவ்வளவு அடங்கினாலும் ஒரு விரல் நுரை மேலே நிற்கத்தான் செய்யும். மூவரும் கைகட்டி உட்கார்ந்தார்கள். அரைமணி நேரம் ஆயிற்று.

"அடங்கலையே வே" என்றார் பூதலிங்கம்.

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்றார் ஆவுடையப்பன்.

"ஊதிப் பார்ப்போமா?"

"ஊதச் சொல்லலையே. குடிக்காதேன்னு மட்டும்தானே சொன்னான்? ஆத்தலாம்" என்றார் சங்கரபாண்டி.

அவர் வள்ளியூரில் பதினைந்து வருஷம் டீக்கடை வைத்திருந்தவர். ஸ்டூல் மேல் ஏறி நின்றார். ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு முழ நீளத்துக்கு இழுத்து ஆத்தினார். நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. "கோபமா இருக்கு, இன்னும் ஆத்தும்" என்றார் பூதலிங்கம். மூலையில் குடித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போலத் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஃபெர்கஸ் பல்லைக் கடித்துக்கொண்டார். விருந்தாளிகள் ஆயிற்றே! ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். அடடா, என்ன வாசனை! மூவரும் ஒரு வாய் வைத்ததும், "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

மூவரும் காது தோளில் இடிக்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டினார்கள். நமக்கு அது ஆமாம். அந்த ஊரில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். ஃபெர்கஸ் முகம் வாடி, தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

"ஏன் வே பிடுங்கிட்டுப் போறாரு?"

"ஒரு வாய்தான் கொடுப்பாங்க போல. பெரிய இடம்."

ஃபெர்கஸ் திரும்பி வந்தார். "தேவசகாயம் நல்ல பையன்தானே?"

நண்பன் பெயர் காதில் விழுந்ததும் மூவருக்கும் பாசம் பொங்கியது. இன்னும் பலமாக ஆட்டினார்கள். ஃபெர்கஸ் முகம் மிளகாயாகச் சிவந்தது. மேசையில் ஓங்கிக் குத்தினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த தேவசகாயத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயோ அண்ணாச்சி! இங்கே ஆமான்னா மேலும் கீழும் ஆட்டணும்! மேலும் கீழும்!"

"எதைக் கேட்டாலுமா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"எதைக் கேட்டாலும்!"

எங்கள் ஊர்த் தலையாட்டல் வேறு என்று அவன் ஃபெர்கஸிடம் எவ்வளவோ சொன்னான். அவர் கேட்கவில்லை. "நீ வெளியே நில்லு. நான் கேட்டுக்கிறேன்" என்றார். மூவருக்கும் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவனுக்கு ஊரில் பெண்டாட்டி இருக்கா?"

மூன்று தலைகள் மேலும் கீழும் ஆடின.

"பிள்ளைகளும் இருக்கா?"

ஆடின.

"எங்கே அந்தப் பிள்ளைகள்? நீங்களா?" என்று கத்தினார் ஃபெர்கஸ்.

ஆடின. நடுவில் ஆவுடையப்பனின் வழுக்கை பளபளத்தது. அவருக்கு ஐம்பத்திரண்டு. அப்பாவான தேவசகாயத்துக்கு முப்பத்தைந்து.

ஃபெர்கஸ் அந்த வழுக்கையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பப்பே சிரித்தது. "இப்படிப்பட்ட ஆட்களைத் துணைக்குக் கூட்டி வந்தவனுக்குச் சூதுவாது இருக்காது" என்று பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தார். குழம்பும் திரும்பி வந்தது.

கல்யாணத்தன்று மூவரும் முன்வரிசையில், புது வேட்டியில். கல்யாணத்தை நடத்தி வைத்தவர் சபையைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார்: "இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று சொல்பவர் யாராவது உண்டா?"

மூன்று பேரும் மரியாதையாக எழுந்து நின்று, மேலும் கீழும் தலையை ஆட்டினார்கள்.