புதன்கிழமைச் சாப்பாடு

"கல்தான் இல்லையே அம்மா. வெறும் மரத்தட்டுக்கு எதற்குப் படையல்?" என்று கேட்டாள் டெல்சினா.

பிரேசிலில், சால்வதோர் நகரத்தில் ஒரு வழிபாட்டு வீடு. அடிமைகளாகக் கப்பலேறி வந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து நெஞ்சில் சுமந்துவந்த தெய்வங்களின் வீடு அது. இடிக்கு அதிபதியான ஷங்கோ அங்கே ஒரு கல்லில் குடியிருந்தார். எண்பது வருஷத்துக்கு முன், சூனியம் என்று சொல்லிப் போலீஸ் வந்து கல்லை அள்ளிப் போனது. தட்டு மிஞ்சியது. புதன்தோறும் அதில் வெண்டைக்காய்க் குழம்பும் சிவந்த பனை எண்ணெயும் விழுந்தன.

பூசாரி ஜெனாய்தேவுக்கு முப்பத்து நான்கு வயது. டெல்சினாவுக்கு அறுபத்திரண்டு. ஆனால் அந்த வீட்டில் தீட்சை பெற்ற நாளிலிருந்துதான் வயது. அந்தக் கணக்கில் டெல்சினா மூன்று வயதுப் பிள்ளை; தீட்சை தந்த ஜெனாய்தே அவளுக்கு அம்மா.

"அப்பா ஜெயிலுக்குப் போனால் அவர் தட்டைக் கழுவிப் பரணில் போடுவாயா, மகளே?"

அந்த ஜெயிலின் சாவி டெல்சினாவின் இடுப்பில்தான் இருந்தது.

நகரத்து அருங்காட்சியகத்தில் நாற்பது வருஷமாக அந்தக் கல்லைத் தூசி தட்டுகிறவள் அவள். கண்ணாடிப் பெட்டியின் சீட்டும் அவள் எழுதியதே: 'சூனியக் கல். உபயோகம் தெரியவில்லை.'

"திருப்பித் தருகிறார்கள் அம்மா." கடிதத்தை நீட்டினாள். "ஒரே நிபந்தனை. கண்ணாடிக்குள்ளேயே இருக்க வேண்டும். எண்ணெய் கூடாது, படையல் கூடாது. கையெழுத்துப் போடுங்கள்."

"நிபந்தனை யார் எழுதியது?"

"நான்தான்."

"படித்த பிள்ளை!"

ஜெனாய்தே கடிதத்தை நான்காக மடித்தாள். சுடுகிற குழம்புச் சட்டிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள்.

"வா."

பஸ்ஸில் எல்லோரும் அவளுடைய வெள்ளைத் தலைப்பாகையைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றாள்.

"திற."

"எண்ணெய் பட்டால் கெட்டுவிடும் அம்மா."

"எண்பது வருஷப் பட்டினியில் கெடாதவர், ஒரு வாய்க் குழம்பிலா கெட்டுப்போவார்?"

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டுக் காவலர் ஜோவாசிர் ஓடிவந்தார்.

"மேடம், என்ன செய்கிறீர்கள்? வேலை போய்விடும்! யார் இந்தப் பெண்?"

டெல்சினா, பெட்டியைத் திறக்கும்போது வழக்கம்போல் மாட்டிக்கொண்ட கையுறைகளைக் கழற்றினாள். நாற்பது வருஷத்தில் முதல் முறையாகக் கல் அவள் வெறுங்கையில் பட்டது. சில்லென்றிருந்தது.

நிமிர்ந்தாள்.

"என் அம்மா."

காவலர் சிரித்துவிட்டார். "இவரா? அப்படியென்றால் அந்தக் கல்?"

"சத்தம் போடாதீர்கள், ஜோவாசிர். அப்பா சாப்பிடப் போகிறார்."