காய்ந்ததா என்று யார் பார்ப்பது?

கொட்டாவிப்பட்டிக்குப் போக ஒரே வழி, கண்மாய்த் தண்ணீருக்கு நடுவே போட்டிருக்கும் தார் ரோடுதான். அதில் பஸ் விடப்போவதாகச் செய்தி வந்ததும், அதிகம் பூரித்தவன் சடையாண்டி. வயது நாற்பதை எட்டிப் பார்த்தும் அவனுக்குப் பெண் அமையவில்லை. பஸ் வராத ஊருக்கு எவன் பெண் கொடுப்பான்? கூத்தபெருமாள் என்ற புண்ணியவான் மட்டும், முதல் பஸ்ஸிலேயே மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்கு முன் என்ஜினீயர் ஒருவர் தார் பீப்பாய்களோடு வந்து இறங்கினார். காய்ச்சத் தேவையில்லாத, மோர் மாதிரி ஓடுகிற தார். கூடவே ஒரு லோடு பொடி ஜல்லி. தாரை மெல்லிசாகப் பூசி ஜல்லியைத் தூவிவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது, ரோடு பல வருஷம் தாங்கும் என்று விளக்கினார்.

"ரோடு நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் மொக்கராசு.

"நல்லா இருக்கும்போதுதான் பூசணும். கெட்டுப்போனதுக்குப் பூசிப் பிரயோசனம் இல்ல. காயிற வரைக்கும் சக்கரம் ஏறக் கூடாது, யாரும் கால் வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பஸ் வரும்."

பூசுகிற வேலையை ஊராரை நம்பி ஒப்படைத்துவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார். பாவம், நல்ல மனுஷன்.

மாப்பிள்ளை மேல் கறை படக் கூடாதென்று சடையாண்டியை ஊர்க் கரையில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஆளுக்கொரு முனையிலிருந்து பூசிக்கொண்டே வந்து நடு ரோட்டில் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் இரண்டு பக்கமும் ஈரத் தார் என்பது உறைத்தது.

நீந்திப் போகலாம் என்றான் ஒருவன். வேட்டி நனைந்துவிடும் என்று அது தள்ளுபடியானது. மொக்கராசுதான் வழி கண்டுபிடித்தார்.

"கால் வைக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. உருளக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்கிற மாதிரி எல்லோரும் வரிசையாக உருண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். ரோட்டுத் தார் முக்கால்வாசி அவர்கள் மேல் இருந்தது. மறுநாள் உருண்டே போய் மறுபடி பூசினார்கள், உருண்டே திரும்பினார்கள். தினமும் இதே கதைதான்.

வியாழக்கிழமை சடையாண்டி காவலை விட்டு எழுந்து மொக்கராசுவிடம் ஓடினான். நாளைக்குப் பஸ் வராவிட்டால் அவன் கதி அதோகதி.

"காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாப்பமா?" என்றான்.

"காயலைன்னா? தொட்ட இடம் கெட்டுப்போகும்ல?" என்றார் மொக்கராசு.

"காஞ்சிருந்தா?"

"காஞ்சிருந்தா எதுக்குடா தொடணும்?"

சடையாண்டி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான். ஊரும் தலைவரின் மூளையை மெச்சிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பஸ் வந்து எதிர்க்கரையில் நின்றது. சக்கரம் ஏறக் கூடாது என்று மொக்கராசு கத்தியதும், டிரைவர் வந்த வழியே திருப்பிக்கொண்டு போய்விட்டார். இறங்கி நின்ற கூத்தபெருமாள் மட்டும் அசரவில்லை. ஊர் வழக்கம் என்ன என்று கூவிக் கேட்டார். சொன்னார்கள். பட்டு வேட்டியோடு படுத்து உருண்டே வந்தார்.

வாயிலிருந்த ஜல்லியைத் துப்பிவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஊருக்கே பூசியிருக்கு. மாப்பிள்ளைக்கு மட்டும் ஏன் பூசல?"

"நல்லா இருக்கிறதுக்குத்தான் பூசணும்னு என்ஜினீயர் உத்தரவு," என்றார் மொக்கராசு பணிவாக.

கூத்தபெருமாள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப மாப்பிள்ளை கெட்டுப்போனவரா?"

சடையாண்டிக்கு உயிரே போய்விட்டது. பேசிப் புரியவைக்க நேரமில்லை. மிச்சமிருந்த பீப்பாயைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஜல்லிக் குவியலில் விழுந்து புரண்டு எழுந்தான்.

"இப்பப் பாருங்க மாமா."

கூத்தபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மருமகன் பல வருஷம் தாங்குவான் என்று அங்கேயே சம்மதம் சொன்னார்.

கல்யாணம்தான் இன்னும் நடக்கவில்லை. மாப்பிள்ளையைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். காக்கா உட்கார வந்தால் மாமனாரே கம்பெடுத்து விரட்டுகிறார். பெண் தினமும் எதிர்க்கரைக்கு வந்து, காஞ்சிருச்சா என்று கூவிக் கேட்டுவிட்டுப் போகிறாள். சடையாண்டிக்கே தெரியாது. தெரிந்துகொள்ளலாமென்று தன் கன்னத்தைத் தொடப் போனால், மாமனார் கம்பை ஓங்குகிறார்.