நாற்பத்தொரு பெட்டி லீவு

சிரிப்பு நிச்சயம் உண்டு, ஆனால் கடைசியில்தான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டரில் லீவுப் படிவத்துக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் ரெஜினா. தங்கை கல்யாணத்துக்கு அவளே நாலு நாள் லீவு கேட்டாள். மேனேஜர் சென்னியப்பன் லாரி ஹாரனாக அலறினார்.

"படிவத்துல கேள்வி பத்தாது அம்மிணி! நான் நினைச்ச நிமிஷம், அது ஓடிட்டிருக்கும்போதே புதுக் கேள்விக்கு ஒரு பெட்டி முளைக்கோணும். அத்தனையும் நிரப்பினாத்தான் உனக்கு லீவு!"

மதியத்துக்குள் ரெஜினா ஒரு கூட்டல் பொத்தான் வைத்தாள். கேள்வியை அடித்து அழுத்தினால், அந்த நொடியே பெட்டி முளைத்தது. மேனேஜருக்குக் குஷி தாங்கவில்லை. மாப்பிள்ளையின் செருப்பு அளவு, மாமியாரின் சரியான வயது என்று நாற்பத்தொரு பெட்டி முளைக்க வைத்தார்.

"எல்லாருக்கும் இதே படிவந்தானுங்க சார்?"

"எல்லாருக்குந்தான்!"

மறுநாள் மேனேஜருக்கு, சம்பந்தி வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று தகவல் வந்தது. லீவு போட அவரே உட்கார்ந்தார். மாமியார் வயதை மனைவியிடம் போனில் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு ரெஜினாவிடம் அலறினார். "எந்தக் கிறுக்கன் கேட்ட கேள்வி இது?"

"பெட்டி மேல மவுசை வைங்க சார். சேர்த்தவர் பேர் காட்டும்."

வைத்தார். அவர் பேரையே காட்டியது.

"அழிக்கிற பொத்தானும் இருக்குங்க. அழுத்தினா உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் பெட்டி போயிரும்."

பொத்தானைப் பார்த்தார், ரெஜினாவைப் பார்த்தார்.

"அடிப்பாவி! நீ கல்யாணத்துக்குப் போறதுக்கா இத்தனையும்?"