உப்புமா கிண்டிய மாப்பிள்ளை

கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன தியானக்கூடம் இருந்தது. அதை நடத்தியவர் தவமணி. முப்பத்தைந்து வயது. அவருடைய சீடர் சபாபதி அவரைவிட ஆறு வயது மூத்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாற்பத்தொன்றில்தான் அவருக்குக் கோமதியோடு கல்யாணம் கூடி வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"சமையல்காரர் வரமாட்டேன்னுட்டார் அம்மா. பேசி முடிச்சப்போ கொடுத்த வெற்றிலை பாக்கைத் திருப்பி வச்சுட்டுப் போயிட்டார்."

"என்ன நடந்தது?"

சபாபதி கையிலிருந்த தாள்களை நீட்டினார். ஒன்பது பக்கம். மாலை எத்தனை அங்குலம், மேளக்காரர் எப்போது எந்த ராகம் வாசிப்பது, போட்டோக்காரர் எங்கே நிற்பது, அவியலுக்குக் காயை எந்த நீளத்தில் நறுக்குவது, எல்லாம் எண் போட்டு எழுதியிருந்தது.

"நேத்து இதை வாசிச்சுக் காட்டினேன். நாலாவது பக்கத்திலேயே எழுந்துட்டார். பூக்காரம்மாவும் முகத்தைத் தூக்கி வச்சிருக்காங்க. கோமதி வீட்டார் முன்னால ஒரு குறை வந்துடக் கூடாதேன்னுதான் எழுதினேன். எழுநூறு பேர் சாப்பிடணும். இவங்ககிட்ட எப்படி வேலை வாங்குறது?"

தவமணி தாள்களை மேசையில் வைத்தார்.

"பசிக்குது. கொஞ்சம் உப்புமா பண்ணித் தர்றீங்களா?"

சபாபதிக்கு உப்புமா நன்றாகவே வரும். இத்தனை வருஷமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர். அடுப்பைப் பற்றவைத்தார். தவமணியும் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்.

"தீயைக் குறைங்க. கறிவேப்பிலை ஒன்பது இலை போதும்."

"சரிம்மா."

"வெங்காயத்தை இன்னும் பொடிசா நறுக்குங்க. கரண்டியை ஏன் அப்படிப் பிடிக்கிறீங்க?"

சபாபதி கரண்டியை மாற்றிப் பிடித்தார். தண்ணீர் கொதித்தது.

"ரவையை இப்பவா போடுறீங்க? எத்தனை கை?"

பதில் சொல்லத் திரும்பினார். கையிலிருந்த ரவை முழுக்கச் சட்டியில் ஒரே இடத்தில் விழுந்தது. அள்ளிக் கிண்டியும் கட்டி உடையவில்லை.

"பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படிம்மா..."

அவர் பார்வை மேசைமேல் இருந்த தாள்களுக்குப் போனது.

தவமணி ஒரு தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார். கட்டியைப் பிட்டுப் பிட்டு முழுவதையும் சாப்பிட்டார்.

சபாபதி தாள்களை எடுக்காமலே கிளம்பிவிட்டார்.

சமையல்காரர் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். சபாபதியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"இன்னும் அஞ்சு பக்கம் பாக்கி இருக்கோ மாப்பிள்ளை?"

"இல்லண்ணே. இன்னிக்குக் காலையில உப்புமா பண்ணினேன். கட்டி கட்டியாப் போச்சு."

"உப்புமாவா? எப்படிப் போச்சு?"

"ஒருத்தர் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

ஆவுடையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபாபதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க என்ன சமைச்சாலும் சரிண்ணே. வந்தாப் போதும்."

"நாளைக்குச் சாயங்காலமே அடுப்பு மூட்டிடுறேன். போய் நல்லாத் தூங்குங்க."

அவர் சொன்னபடியே வந்தார். பூக்காரம்மா, கேட்டதைவிடக் கனமாக ஒரு மாலை கட்டி வந்தார். மேளக்காரர் தன் மனம்போல வாசித்தார். பெண் வீட்டுக் கிழவர்கள் முன்வரிசையில் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.

தாலி கட்டி முடிந்தது. தவமணி அட்சதை தூவ மேடைக்கு வந்தார். மணமேடையில் சபாபதி கழுத்தை நீட்டிப் பந்தி நடக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதின தாளும் கையில இல்ல அம்மா," என்றார் மெல்ல. "பாயசம் வந்துச்சா தெரியல, போட்டோக்காரரையும் காணோம். இனி நான் எதைப் பார்த்துக்கணும்?"

தவமணி இருவர் தலையிலும் அட்சதையைத் தூவினார்.

"பொண்ணு இந்தப் பக்கம் இருக்காங்க."